கோடு விழாத தீவு

வரைபடமும் ஒரு நூலே. அதற்கும் ஆசிரியன் உண்டு. அவனுக்கொரு நோக்கமும் உண்டு. ஆகவே, கதையையும் கவிதையையும் போல அதனையும் நாம் விமர்சனத்துக்கு உட்படுத்தல் வேண்டும்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. காரைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள கடற்கோட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் ஹமென்ஹீல். பன்றித்தொடையின் குதி என்பது அதன் பொருள். இலங்கை முழுவதும் அவர்கள் கண்ணுக்கு ஓர் இறைச்சித் துண்டாகவே தோன்றியது போலும்!

ஆங்கிலேயர் இத்தகைய கற்பனையை நாடவில்லை, அளந்தனர். 1800இல் நிலவளவைத் திணைக்களம் தோன்றியது. பயிரிடாத நிலம் முடிக்குரியதெனக் கொள்ள வழிசெய்த 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், கோப்பித் தோட்டங்களுக்கு மலைநிலத்தை விற்பதற்கு அளவை இன்றியமையாததாயிற்று. பின்னர் வந்த, ஒரு மைலை ஓரங்குலமாகச் சுருக்கும் இடவிளக்கப் படங்களில் மலைநாட்டுத் தாள்களைப் பாருங்கள். ஒவ்வொரு 100 அடி உயரத்துக்கும் ஒரு சமவுயரக் கோடு. ஒவ்வொரு பள்ளத்தாக்கும் கைரேகை போலத் தெளிவு. அவ்வுழைப்பின் நுட்பத்தை நாம் மறுக்கவில்லை.

இனி, மண்டைதீவுக்கு வாருங்கள். அங்கே ஒரு கோடும் இல்லை. 100 அடிக்கு ஒன்றெனக் கோடு வரைபவனுக்கு இத்தீவு வெறும் சமதரை. ஆனால், இங்கே ஒரு முழ உயரமே வயலையும் உவர்த்தரையையும் பிரிக்கிறது. மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது; அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். உழவனுக்கு வேண்டிய இந்த உயரமும் ஆழமும் அத்தாளில் இல்லை.

ஓரங்குலத்தில் இத்தனையும் அடங்குமா என்று கேட்கலாம். அடங்காது, உண்மையே. ஆயினும், எதனை அளப்பது, எதனை விடுவது என்று தீர்மானித்தது யாருடைய தேவை என்பதே நம் வினா.

இது பழங்கதையன்று. 1990இல் போர் இத்தீவின் மக்களைப் பெயர்த்தெறிந்தது. மீண்டு வந்தவனுக்கு அவனது நன்னீர்க் கிணற்றை இத்தாள் காட்டாது. அயலிலுள்ள முதியவரின் நினைவே காட்டும். அந்நினைவுகளோ ஆண்டுதோறும் சுடலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆசிரியர்களே, சுவரில் தொங்கும் படத்தைக் காட்டுவதோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். மாணவரைக் கிணற்றடிக்கு அழைத்துச் செல்லுங்கள். எது நன்னீர், எது உவர்நீர், எந்தத் தாழ்வில் மாரிவெள்ளம் தேங்கும், எந்த ஒழுங்கைக்கு என்ன பெயர் என்று கேட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். ஆள வந்தவர் தமக்கு வேண்டிய படத்தை வரைந்துகொண்டனர். வாழ்கின்றவர் தம் படத்தை இனித்தான் வரைய வேண்டும்.