பச்சைக் குடமும் சுயமரியாதையும்

தன்னம்பிக்கை நூல்களின் பெருக்கத்தை வெறும் சந்தை விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அடுத்தவர் அங்கீகாரத்தை எதிர்பார்க்காதே, உன்னை நீயே மதித்துக்கொள் என்று அவை போதிக்கும்போது, தமிழில் அரசியல் சொல்லாக இருந்த சுயமரியாதை தனிமனிதனின் மனப்பயிற்சியாகச் சுருங்கிவிடுகிறது. இதை எதிர்கொள்ள நான் எடுத்துக்கொள்ளும் பிரதி, ஆரணிப் பக்கம் படவேட்டில் வழங்கும் ரேணுகாவின் கதை.

கதை தெரிந்ததுதான். ஜமதக்னியின் மனைவி தினமும் ஆற்றுமணலைப் பிசைந்து குடம் செய்கிறாள். கற்பின் வலிமையால் சுடாத குடத்தில் தண்ணீர் நிற்கிறது. ஒருநாள் நீரில் கந்தர்வனின் நிழலைப் பார்த்து ஒரு கணம் மனம் லயிக்கிறது, குடம் கூடவில்லை. கணவன் ஆணையிட, மகன் பரசுராமன் தலையை வெட்டுகிறான். படவேட்டில் அவள் சிரசாகவே வழிபடப்படுகிறாள்.

ஆணாதிக்கக் கொடுமை என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது குடம். ஆற்றங்கரையில் ஜமதக்னி இல்லை. 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்று அஞ்ச அந்த நாலு பேரும் இல்லை. ஆனாலும் அவள் கண்காணிக்கப்படுகிறாள். குடமே கண்ணாக இருக்கிறது. சிறையின் காவல் கோபுரத்தை வைத்து ஃபூக்கோ விளக்கியதும் இதைத்தான்: கோபுரத்தில் ஆள் இருக்க வேண்டியதில்லை, கைதி தன்னையே காவல் காத்துக்கொள்வான். குடம் கூடிய நாளெல்லாம் ரேணுகா தன்னை மதித்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்? அவளிடம் தன்மதிப்புக்குக் குறைவில்லை. அளவுகோல்தான் அவளுடையதாக இல்லை. தன்னம்பிக்கை நூல்கள் தொடாமல் விடும் இடம் இது.

குயவர் சூளையில் சுட்ட குடம் யாருடைய மனசையும் சோதிப்பதில்லை. தூக்குகிறவள் என்ன நினைத்தாலும் அதில் தண்ணீர் நிற்கும். 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் செய்ய முனைந்தது இந்தச் சுடுகிற வேலையைத்தான். புரோகிதரின் பார்வையைப் பொருட்படுத்தாதே என்று பெரியார் உபதேசம் செய்யவில்லை; மணமேடையிலிருந்து புரோகிதரையே எடுத்தார். அந்தத் திருமணங்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் செல்லாது என்றது. 1967இல் அண்ணா ஆட்சி சட்டத்தைத் திருத்தியது. அதுவரை ஏறக்குறைய 40 ஆண்டுகள், சட்டம் ஏற்காத நிலையிலேயே அந்தத் தம்பதிகள் குடும்பம் நடத்தினார்கள், பிள்ளை பெற்றார்கள். கூடவே சட்டத்தையும் கேட்டார்கள். இதில் முரண்பாடு இல்லை. அங்கீகாரத்துக்குக் கையேந்துவது வேறு, உரிமையைக் கேட்பது வேறு.

இந்த வேறுபாடு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை ஆரணி வட்டாரத்துத் தறி வீடுகளிலேயே பார்க்கலாம். பட்டுப்புடவைக்குக் கூலி புடவைக் கணக்கில். தார் சுற்றிக் கொடுக்கும் பெண்ணின் உழைப்பு அந்தக் கூலிக்குள்ளேயே கரைந்துபோகிறது. தன் கை நேர்த்தி அவளுக்குத் தெரியாதா என்ன? நல்லாவே தெரியும். அவளிடம் போய் 'உன்னை நீ மதிக்கக் கத்துக்கோ' என்பது அயோக்கியத்தனம். தனிக் கூலி என்ற பேச்சை விட்டுவிட்டு மனசைப் பற்றிப் பேசுவது முதலாளிக்குத்தான் சௌகரியம்.

அப்படியானால் மதிப்பு என்பது கூலியும் சட்டமும் மட்டும்தானா? இங்கே கதையின் வாய்மொழி வடிவங்கள் உதவுகின்றன. அவற்றில் வெட்ட வரும் மகனிடமிருந்து ஓடும் ரேணுகாவுக்கு ஒரு தலித் பெண் அடைக்கலம் தருகிறாள். இருவர் தலையும் விழுகின்றன. உயிர்ப்பிக்கும்போது தலைகள் மாறிப்போகின்றன. ஒருத்தி மாரியம்மன், மற்றவள் எல்லம்மன். சாதிக் கலப்பின் மீதான அச்சமாகவே இது பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. நான் அதற்கு முந்திய கணத்தில் நிற்க விரும்புகிறேன். கட்டிக்கொண்ட அந்தப் பெண், குடம் கூடிச்சா இல்லையா என்று கேட்கவில்லை.

பிறர் தேவையில்லை என்பதல்ல சுயமரியாதை. தீர்ப்பளிக்கும் நாலு பேரிடமிருந்து விலகி, சோதிக்காமல் பக்கத்தில் நிற்கும் ஒருத்தியைக் கண்டுகொள்வதும் அதுதான். நம் அமைப்புகளுக்குள்ளேயே தோழர்களின் தகுதியை அளக்க நாம் எத்தனை பச்சைக் குடங்களை வைத்திருக்கிறோம் என்று இனி எண்ணிப் பார்க்க வேண்டும்.