ஒரு தடவை போதும்

பட்டியலில் இரண்டு முறை வந்ததை நீக்குவது எடுபிடி வேலை என்று நிரல் எழுதுகிறவர்களே நினைக்கிறார்கள். எனக்கு அது அந்தத் தொழிலின் அழகான மூலைகளில் ஒன்று. 10,000 பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏறக்குறைய 5 கோடி ஒப்பீடுகள். முதலில் அகரவரிசையில் அடுக்கிவிட்டால் ஒரே பெயர்கள் தாமாகவே பக்கத்தில் வந்து நிற்கும். பிறகு ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். யூனிக்ஸ் இயங்குதளத்தின் ‘யூனிக்’ கட்டளை அடுத்தடுத்த வரிகளை மட்டும் ஒப்பிட்டுப் பிழைப்பது இந்தச் சிக்கனத்தில்தான்.

பைத்தான் நிரல்மொழியில் ‘செட்’ என்ற ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு இவ்வளவு ரசனையா என்று கேட்கலாம். முடியும்தான், ஆனால் வந்த வரிசை கலைந்துவிடும். வரிசை வேண்டுமென்றால் அதே மொழியின் ‘டிக்ட்’ இருக்கிறது, 3.7 பதிப்பிலிருந்து நுழைந்த வரிசையைக் காப்பதாக அது உறுதி தருகிறது. அப்போதும் மூலக் கேள்வி அப்படியே நிற்கிறது: எதை ‘அதே’ என்பது? கணினி இதில் நம்மைவிடக் கறார். ‘கொடி’யின் ஒகரக் குறியை யூனிகோடு எழுத்துக் குறியீட்டில் ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு இரண்டு. இரண்டையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், எந்தக் கட்டளையைப் போட்டாலும் பட்டியலில் இரண்டு கொடியும் பறக்கும்.