விருது மேடையும் காமன் பொட்டலும்

அரச நாடக விழாவில் சிறந்த தயாரிப்பு, பிரதி, நெறியாள்கை, நடிப்பு, ஒளியமைப்பு என்று விருது கொடுக்கிறார்கள். இவையெல்லாம் மண்டபத்துக்குள் நடக்கும் நாடகத்துக்கு வகுத்த பிரிவுகள் என்பதே என் குறை. நாவலப்பிட்டித் தோட்டங்களில் மாசியில் ஆடும் காமன் கூத்தை இதில் எங்கே வைப்பது? அதன் பிரதி வாத்தியாரின் நினைவில் இருக்கிறது. தப்புச் சத்தம் கேட்டால் லயமே திரளும். ஆடுபவர், பார்ப்பவர் என்று பிரிக்க ஏலாது. விடியவிடிய நடப்பதை இரண்டு மணித்தியாலமாக வெட்டினால் அது கூத்தா?

'இதுல நமக்கென்ன?' என்று நம்மவர் கேட்கலாம். 1850களில் லக்னோவின் உருதுக் கவிஞர் ஆகா ஹசன் அமானத் எழுதிய 'இந்தர் சபா'வைப் பார்சிக் குழுக்கள் ஊரூராக ஆடின. அந்தக் குழுக்களின் பாணியில்தான் சிங்கள நூர்த்தி வளர்ந்தது. நூர்த்தி எழுதிய ஜோன் டி சில்வாவின் பெயரில் கொழும்பில் அரங்கு இருக்கிறது. அமானத்தையோ நம் பிள்ளைகளுக்கே தெரியாது. எடுத்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் பெரிய பங்களிப்பும் இப்படித்தான் மறந்துபோகும்.

கூத்து வாத்தியார்களுக்கும் அந்தக் கதி வேண்டாம். அவர்களைக் கொழும்புக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினால் போதாது. நடுவர்கள் ஒரு மாசி இரவு ரயிலேறி இங்கே வரட்டும். பொட்டலில் குந்தியிருந்து விடியும்வரை பார்க்கட்டும். விருதுக்குப் புதுப் பிரிவு வேண்டுமா என்பதை அதன்பிறகு அவர்களே சொல்வார்கள்.