மகாகவியின் ‘தேரும் திங்களும்’: ஓசையும் சமூக முரண்பாடும்

யாப்பு பழைய சமூகத்தின் எச்சம். முற்போக்குக் கவிதை அதனைக் களைதல் வேண்டும் என வாதிடுவோர் உளர். எதுகையும் மோனையும் செய்யுளின் அணிகலன்கள் என்பர் மரபுவாதிகள். இரு சாராரும் ஓசையைப் பொருளினின்றும் பிரித்தே நோக்குகின்றனர். மகாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971) இயற்றிய ‘தேரும் திங்களும்’ என்ற கவிதையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஓசையின் ஊற்றுக்களுள் கூட்டுழைப்பு முதன்மையானது. இயந்திர அறுவடை பரவுமுன், மல்லாவி முதலான வன்னி நெல்வயற் பகுதிகளுக்குரிய அரிவிவெட்டுப் பாடல்களில், மீள வரும் அடி பல கைகளை ஒருகதிப்படுத்தியது. தேர்வடம் பிடித்தலும் அத்தகைய கூட்டுச் செயலே. ஆயின் அக்கூட்டில் எவருக்கு இடமுண்டு? 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் எழுப்பிய வினா அது. மறு ஆண்டு மனிதன் சந்திரனில் கால் பதித்தான். நிலவைத் தொட்டவனின் தம்பியொருவன் வடம் பிடிக்க வந்து தடுக்கப்படுவதே கவிதையின் பொருள்.

கவிதை வெண்டளை ஓசையில், பேச்சுக்கு அணித்தாக அமைதியாகத் தொடங்குகிறது. இளைஞன் குனிந்ததும் ஓசை மாறுகிறது. குறுகிய கட்டளைச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. ‘என்றான்’ என்ற வினை மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. கூறுவோர் எவருக்கும் பெயரில்லை. தனிமனிதக் கொடுமையன்று, சாதியமைப்பே பேசுகிறது என்பதை இம்மீள்வருகை உணர்த்துகிறது. இக்கட்டளைகளைப் பிணைத்த லகர எதுகை அத்துடன் நில்லாது, கல்லெறியும் குருதியும் கொலையும் கூறும் அடிகளிலும் தொடர்கிறது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே இடைவெளி இல்லை என்பதை எதுகையே நிறுவுகிறது.

ஊர் முழுவதையும் சுட்டும் தொடக்கத் தொடர், கொலைக்குப் பின் மீள்கிறது. முன்னர் அழைப்பாக ஒலித்தது, இப்போது அவ்வொற்றுமையின் பொய்மையைக் காட்டுகிறது. நிலவைத் தொட்டவன் பற்றிய தொடரும் இறுதியில் மீள்கிறது. முன்பு பெருமிதம், இப்போது குற்றச்சாட்டு. சொல் மாறவில்லை, சமூக உண்மை வெளிப்பட்டமையால் பொருள் மாறிற்று.

கவிதைக்கு எல்லையும் உண்டு. தடுக்கப்பட்டவன் தனியனாகவே வருகிறான். அக்காலத்தில் அணிதிரண்டு போராடிய மக்கள் இங்கு இல்லை. அன்னையின் ஊமை நிலையுடன் மனிதாபிமானத் துயரம் நின்றுவிடுகிறது. எனினும், உழைப்பாளரை இணைத்த அதே ஓசை ஒடுக்குவோரையும் ஒன்றுதிரட்ட வல்லது என்பதை இக்கவிதை யாப்பினாலேயே மெய்ப்பிக்கிறது. ஆகவே, யாப்பு வேண்டுமா வேண்டாமா என்பதிலும், அது எவரைச் சேர்க்கிறது, எவரை விலக்குகிறது என்பதே திறனாய்வு எழுப்ப வேண்டிய வினா என்பது எமது துணிபு.