மண்டியிட்ட குடும்பங்கள்: ஆதி நெதர்லாந்து பீட ஓவியங்களில் கொடையாளர் உருவங்கள்

ஹான்ஸ் மெம்லிங் 1484இல் வரைந்த மோரேல் குடும்பப் பீட ஓவியம் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில், க்ரூனிங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருபுறமும் மூடித் திறக்கும் கதவுகள் கொண்டது அது. நடுப்பலகையில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கிறார் புனித கிறிஸ்டோபர். இடக்கதவில், நகரின் மேயராக இருந்த வில்லெம் மோரேல் மண்டியிட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் 5 மகன்கள். வலக்கதவில் மனைவி பார்பரா. அவருக்குப் பின்னால் 11 மகள்கள். மகன்கள் பக்கம் காற்றோட்டமாக இருக்கிறது. மகள்கள் பக்கமோ ஒருவர் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் முகம் என்று நெருக்கியடித்துக் கிடக்கிறது. பிள்ளைகளில் சிலர் முதல் திட்டத்தில் இல்லாமல் பின்னர் சேர்க்கப்பட்டவர்கள் என்பதை, வண்ணப் படலங்களுக்கு அடியில் துருவிப் பார்த்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பணம் கொடுத்து வரையச் சொன்ன கொடையாளர்களின் குடும்பத்தைக் காட்டும் இத்தகைய ஓவியங்களைப் புரிந்துகொள்ள இந்த நெரிசல் நல்ல வழிகாட்டி. ஒரே நாளில், ஒரே வேளையில் எல்லோரையும் உட்கார்த்தி வைத்து எடுத்த படம் போல அவற்றைப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அவை பிறப்பு, இறப்பு, மறுமணம் என்று வரவு வைத்துக்கொண்டே போன குடும்பக் கணக்கேடுகள். ஓவியர் வேலையை முடித்த பிறகும் குடும்பம் வளர்ந்தது, தேய்ந்தது. அதற்கேற்பப் பலகையிலும் திருத்தம் நடந்தது.

செல்வர்கள் இப்படித் தங்களைப் புனிதர்களுக்கு நடுவே வரையச் சொன்னதற்குப் பெருமை ஒரு காரணம். அச்சம் இன்னொரு காரணம். இறந்தவரின் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும், உயிரோடிருப்போர் ஒப்புக்கொடுக்கும் திருப்பலியும் செபமும் அதைச் சீக்கிரம் கரையேற்றும் என்பது அக்கால நம்பிக்கை. கெண்ட் நகரப் பீட ஓவியம் இதற்குத் தெளிவான சான்று. ஹூபர்ட் வான் ஐக் தொடங்கி, தம்பி யான் 1432இல் முடித்த படைப்பு அது. கதவுகளை மூடினால் கீழ்வரிசையில் யோஸ் வெய்ட், எலிசபெத் போர்லூட் தம்பதி ஆளுயரத்தில் மண்டியிட்டிருப்பார்கள். யோஸின் முகத்து மருக்களைக்கூட யான் விட்டுவைக்கவில்லை. இந்தத் தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. நினைத்துச் செபிக்க வாரிசு இல்லாதவர்கள், தங்கள் சிற்றாலயத்தில் நாள்தோறும் திருப்பலி நடக்க 1435இல் நிதி எழுதிவைத்தார்கள். யாருக்காகச் செபிக்கிறோம் என்பதில் குருவுக்குச் சந்தேகம் வரக்கூடாது. அந்த மருக்களுக்கு அங்கே வேலை இருந்தது.

குடும்பம் என்பதில் இறந்தவர்களும் அடக்கம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, சுமார் 1400ஐச் சேர்ந்த மோன்ட்ஃபோர்ட் பிரபுக்களின் நினைவுப் பலகையில் 4 வீரர்கள் வரிசையாக மரியாள் முன் மண்டியிடுகிறார்கள். அவர்களில் மூவர் 1345இல் வார்ன்ஸ் போரில் மாண்டவர்கள். பாரிஸின் லூவரில் உள்ள மெம்லிங்கின் இன்னொரு படத்தில் வணிகர் யாக்கோப் ஃப்ளோரைன்ஸ், மனைவி, 7 மகன்கள், 12 மகள்கள். மனைவி விதவைக் கோலத்தில் இருக்க, கணவரும் எதிர்ப்பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறார். போனவரையும் இருப்பவரையும் ஓவியம் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்த வகையில் மிகப் பெரிய படைப்புகளில் ஒன்று ஹூகோ வான் டெர் கூஸ் 1475ஐ ஒட்டி வரைந்த போர்ட்டினாரி பீட ஓவியம். தொம்மாசோ போர்ட்டினாரி, ஃப்ளாரன்ஸின் மெடிசி வங்கியின் ப்ரூஜ் கிளை மேலாளர். இடக்கதவில் அவரும் மகன்கள் அந்தோனியோ, பிஜெல்லோவும். வலக்கதவில் மனைவி மரியாவும் மகள் மார்கரீத்தாவும். புனிதர்கள் கோபுரம் போல நிற்க, குடும்பத்தார் அவர்கள் காலடியில் சிறுத்துத் தெரிகிறார்கள். புனிதர்களை எண்ணிப் பாருங்கள்: தோமா, அந்தோணி, மகதலேனா மரியாள், மார்கரீத். தந்தை, மூத்த மகன், தாய், மகள் என நால்வருக்கும் பெயர்ப் புனிதர் உண்டு. கடைக்குட்டி பிஜெல்லோவுக்கு மட்டும் இல்லை. ஓவியத்துக்கு ஏற்பாடு செய்தபோது அவன் பிறந்திருக்கவில்லை, பின்னர் இடம் கொடுத்தார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். குழந்தைகளின் வயதை வைத்துத்தான் ஓவியத்தின் காலத்தையே கணிக்கிறார்கள்.

இந்த ஓவியம் கப்பலேறி, சிசிலி, பீசா வழியாக 1483இல் ஃப்ளாரன்ஸ் வந்து சேர்ந்தது. 16 கூலியாட்கள் அதைச் சுமந்தார்கள். போர்ட்டினாரியின் மூதாதை ஃபோல்கோ 1288இல் நிறுவிய சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையின் ஆலயத்தில் அதை வைத்தார்கள். அதற்குள் பர்கண்டி கோமகன் சார்லஸுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல் ப்ரூஜ் கிளையே மூடப்பட்டிருந்தது. வங்கியாளரின் பெயர் கெட்ட வேளையில் குடும்பத்தின் பக்தி ஊருக்குள் ஊர்வலமாக வந்தது.

மறுமணம் நடந்தால் என்ன செய்வது? ஜெரார்டு டேவிட்டின் கிறிஸ்துவின் திருமுழுக்கு ஓவியம் விடை சொல்கிறது. உட்புறக் கதவுகளில் யான் தெ த்ரோம்ப்பும் மகனும் ஒரு பக்கம், முதல் மனைவி எலிசபெத்தும் 4 மகள்களும் மறுபக்கம். எலிசபெத் 1502இல் இறந்தார். இரண்டாம் மனைவி மகதலேனாவும் அவர் மகளும் கதவுகளின் வெளிப்புறத்தில் மண்டியிடுகிறார்கள். கதவு மூடியிருக்கும் சாதாரண நாட்களில் கண்ணுக்குத் தெரிபவர் இளையவர். திருநாளில் கதவு திறந்தால் மூத்தவர். யாரையும் அழிக்காமல் இருவருக்கும் இடம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஓவியங்களைப் பற்றிய ஆய்வு வேகம் பிடித்தது 1902இல் ப்ரூஜில் நடந்த கண்காட்சியை ஒட்டித்தான். அதே ஆண்டில் கலை வரலாற்றாளர் ஆபி வார்பர்க், மெம்லிங்கின் கடைசித் தீர்ப்பு ஓவியத்தில் மண்டியிட்டிருக்கும் தம்பதி யார் என்பதைக் குலச் சின்னங்களை வைத்துக் கண்டுபிடித்தார்: ப்ரூஜ் கிளையில் போர்ட்டினாரிக்கு முன் மேலாளராக இருந்த ஆஞ்செலோ தானியும் அவர் மனைவியும். அந்த ஓவியத்தை 1473இல் கடலில் கொள்ளையிட்டு க்தான்ஸ்க் நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதில் வானதூதரின் தராசுத் தட்டில் இருப்பவரின் தலையைத் தனியே தகரத் தாளில் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த முகம் போர்ட்டினாரியுடையது.

முதல் தலைமுறை ஆய்வாளர்கள் ‘யார்’ என்று கேட்டார்கள். கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கியின் தலைமுறை மறைந்திருக்கும் குறியீடுகளைத் தேடியது. அகச்சிவப்புக் கதிரும் எக்ஸ்ரேயும் வந்த பிறகு ‘எப்போது சேர்த்தார்கள்’ என்பது முக்கியக் கேள்வியாகிவிட்டது. நியூயார்க்கில் உள்ள மெரோட் ஓவியத்தில் கொடையாளரான கணவன் முதலில் தனியாகவே இருந்தான், மனைவியைப் பின்னர் சேர்த்தார்கள் என்று தெரிந்தது இப்படித்தான். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் நினைவுப் பலகைகளைக் கல்லறைகளோடும் அறக்கட்டளை ஆவணங்களோடும் சேர்த்துத் தொகுத்ததும், ஓவியத்தை அது பிறந்த வழிபாட்டுக்குள் மீண்டும் வைத்துப் பார்க்க உதவியது.

அருங்காட்சியகம் அந்தச் சூழலைக் கழற்றிவிடுகிறது. அங்கே கதவுகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். மூடித் திறக்கும் ஒழுங்கு போய்விட்டது. ஆகவே ஒரு கதவின் முன் நிற்கும்போது முகத்தின் அழகோடு நிறுத்திக்கொள்ளாமல் சிலவற்றைச் சரிபார்ப்பது நல்லது: யாருக்குப் புனிதர் துணை இருக்கிறது, யாருக்கு இல்லை, யாரை இடுக்கில் செருகியிருக்கிறார்கள், வெளிப்புறத்தில் யார். இவற்றுக்கு விடை தேடினால், சாசனங்கள் சொல்லாமல் விட்ட குடும்ப வரலாறும் சற்றுப் பிடிபடும்.