வசூல் அங்கே, விளைவு இங்கே

2025 ஓகஸ்ட் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய வாரம். பத்தாந்தர வகுப்புக்குள் நான் நுழைந்தபோது பின்வரிசையில் ஒரே வாக்குவாதம். விடயம் 'கூலி' திரைப்படம். படம் எப்படி என்பதல்ல, எத்தனை கோடி என்பதே சண்டை. நான்கு நாளில் 400 கோடியைத் தாண்டிவிட்டதாகத் தயாரிப்பு நிறுவனம் வெளியிட்ட கணக்கை ஒருவன் ஒப்புவிக்க, 'லியோ'வின் கணக்கைக் காட்டி மற்றவன் மறுத்தான். "படம் பார்த்தாயா மகன்?" என்று கேட்டேன். "இன்னும் பார்க்கல்ல சேர்" என்றான். நானூறு கோடியை இலக்கத்தில் எழுதச் சொன்னேன். நாலுக்குப் பின்னால் ஒன்பது பூச்சியம் போட வேண்டும். வகுப்பில் சரியாகப் போட்டவர்கள் நாலு பேர்தான்.

இலக்கியச் சஞ்சிகையொன்றில் சினிமாப் பேச்சு எதற்கு என்று சில வாசகர்கள் நினைக்கலாம். படம் பார்ப்பதே ஆகாது என்போரும் நம்மிடையே உள்ளனர். அவர்களது நிலைப்பாட்டை மதிக்கிறேன். ஆனால் எமது பிள்ளைகள் பார்க்கிறார்கள். பார்ப்பதோடு நில்லாமல், படத்தை எடைபோடும் படிக்கல்லாகக் கோடிக் கணக்கை எடுத்துக் கொள்கிறார்கள். அந்தப் படிக்கல் சரியானதா என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வசூல் என்றால் என்ன? விளம்பரத்தில் வருவது உலகெங்கும் டிக்கெட் விற்ற மொத்தத் தொகை. அதில் வரி போகும், தியேட்டர்காரர் பங்கு போகும், விநியோகஸ்தர் பங்கு போகும். மீதிதான் தயாரிப்பாளருக்கு. தொலைக்காட்சி, இணையத்தளம் ஆகியவற்றின் உரிமை விற்பனை வேறு கணக்கு. தமிழ்ப் படங்களுக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட பொதுவான கணக்கேடும் கிடையாது. ஆகவே 'இத்தனை கோடி' என்ற அறிவிப்பும் ஒரு சுவரொட்டிதான். அதை விமர்சனமாக எடுத்துக்கொள்வது, கடைக்காரர் சொல்லும் புகழ்ச்சியைக் கேட்டுச் சாமானின் தரத்தை முடிவு செய்வது போன்றது.

இரண்டாவது, அந்தக் கணக்கில் நாம் இருக்கிறோமா? வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து குடும்பத்தோடு தியேட்டருக்குப் போய்வர ஒரு முழுநாள் வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1350 ரூபா. பஸ், டிக்கெட், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என்று பார்த்தால் இரண்டு மூன்று நாள் பேர் கரைந்துவிடும். எனவே லயத்திலும் சரி, எங்கள் கிராமத்திலும் சரி, படம் கையடக்கத் தொலைபேசியில்தான் வந்து சேர்கிறது. ஒருவர் கைக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரி. அது முறையல்ல என்பதை நானறிவேன், நடப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் டிக்கெட்டும் கணக்கில் சேர்ந்த காலமொன்று இருந்தது. 1975இல் வி.பி. கணேசன் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து நடித்தார். வசனம் எழுதியவர் தெளிவத்தை ஜோசப். அன்று மலையகப் பார்வையாளனை நம்பி ஒருவர் முதலிட்டார். இன்று நாங்கள் பார்க்கும் படங்களின் கல்லாப்பெட்டிக்குள் எங்கள் காசு அநேகமாகப் போவதில்லை. ஆனால் அந்தப் படங்கள் எங்கள் வகுப்பறைக்குள் வருகின்றன.

சரி, கோடிகளை வைத்தே பேசுவோம். பெரிய முதலீடு பெரிய வசூலைத் தரும் என்ற எதிர்வுகூறல் அண்மைய ஆண்டுகளில் அடிக்கடி பொய்த்துப் போயிற்று. 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2', முதற்பாகத்தின் நினைவை விற்க முயன்று தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 'கங்குவா' 2000 கோடி வசூலிக்கும் என்று வெளியீட்டுக்கு முன்னர் பேசப்பட்டது. அந்தத் தொகையின் பக்கத்திற்கூட அது போகவில்லை. 2025 ஜூனில் மணிரத்னமும் கமல்ஹாசனும் 'நாயகன்' படத்துக்குப் பின் மீண்டும் இணைந்த 'தக் லைஃப்' வந்தது. கருத்தரங்கொன்றுக்காகக் கொழும்புக்குப் போன நாளில் அதைத் தியேட்டரில் பார்த்தேன். இடைவேளைக்குப் பின்னர் எனக்கு முன்னாலிருந்த இளைஞர்கள் திரையை விட்டுவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தந்தைக்கும் வளர்ப்பு மகனுக்கும் இடையிலான பகையை நம்பும்படி சொல்லாமல், துப்பாக்கிச் சத்தத்தால் நிரப்பிய படம் அது.

மறுபுறம், 2024 செப்டெம்பரில் வந்த 'லப்பர் பந்து' ஊர்க் கிரிக்கெட்டை வைத்து, மாமனாருக்கும் மருமகனாக வரப்போகிறவனுக்கும் இடையிலான வீறாப்பைச் சொல்லி ஓடியது. 2025 மே முதலாந் திகதி சூர்யாவின் 'ரெட்ரோ'வோடு ஒரே நாளில் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' சிறிய செலவில் எடுக்கப்பட்டு, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே வளர்ந்தது.

இந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' நம்மோடு நேரடியாகப் பேசும் படம். பொருளாதார நெருக்கடியால் கடல் கடந்து தமிழகத்தில் ஒளிந்து வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பம். இராமேஸ்வரத்தில் குண்டொன்று வெடிக்க, பொலிஸின் சந்தேகம் இவர்கள் மீது திரும்புகிறது. பேச்சு வழக்கை மறைக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் காட்சியில் மற்றவர்கள் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் பஸ்ஸில் உம்மாமார் பேச்சைக் குறைத்துக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. படத்தில் குறை இல்லாமலில்லை. அந்தத் தெருவில் எல்லோரும் நல்லவராக மாறிவிடுவது அதிக இனிப்பு. இருந்தும், சந்தேகிக்கப்பட்டவனின் வீட்டுக்குள் கெமராவைக் கொண்டுபோய் வைத்ததே அதன் பலம். சனம் அதைப் பார்த்தது.

இனி முக்கிய விடயத்துக்கு வருகிறேன். முஸ்லிம் பெயரைத் தீவிரவாதிக்கு வைப்பது ஏன் என்று கேட்டால், 'சந்தை அதைத்தான் கேட்கிறது' என்று பதில் வரும். அப்படியானால் சந்தையின் கணக்கையே பார்ப்போம். 2012 தீபாவளிக்கு வந்த 'துப்பாக்கி' பெரும் வெற்றி. அதன் உறங்கும் தீவிரவாதக் குழுக்களை முஸ்லிம் அமைப்புகள் கண்டித்தன. ஆனால் அந்தப் படத்தை ஓட வைத்தது அதன் வேகம். பன்னிரண்டு பேரை ஒரே நேரத்தில் பின்தொடரும் காட்சியில், வில்லனின் மதம் எதுவாக இருந்தாலும் பார்வையாளன் இருக்கையின் நுனியில்தான் இருந்திருப்பான். 2022 ஏப்ரலில் அதே விஜய், சென்னை வணிக வளாகமொன்றைத் தீவிரவாதிகளிடமிருந்து மீட்கும் 'பீஸ்ட்' வந்தது. குவைத்திலும் கத்தாரிலும் அது தடைசெய்யப்பட்டது. முதல் நாள்களின் ஆரவாரம் விரைவில் அடங்க, மறுநாள் வெளியான 'கேஜிஎஃப் 2' பேச்சு முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

2024இன் 'அமரன்' 300 கோடியைக் கடந்ததாகச் சொன்னார்கள். மேஜர் முகுந்த் வரதராஜனின் உண்மை வாழ்க்கை அது. பெண்களை அழைத்து வந்தது சாய் பல்லவி ஏற்ற மனைவிப் பாத்திரம் என்பது எனது கணிப்பு. எனினும், முகுந்தின் வீட்டை அறிந்த அளவுக்குக் காஷ்மீர் மண்ணின் ஒரு வீட்டையும் நாம் அப்படத்தில் அறிவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் 2021 நவம்பரில் வந்த 'மாநாடு'. சிலம்பரசன் ஏற்ற கதாநாயகனின் பெயர் அப்துல் காலிக். முதலமைச்சரைக் கொன்று பழியை ஒரு முஸ்லிம் மீது போட்டுக் கலவரம் மூட்டும் சதியை, ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் விந்தைக்குள் அகப்பட்டு அவன் தடுக்கிறான். இங்கொன்றைக் கவனிக்க வேண்டும். 2013இன் 'விஸ்வரூபம்' படத்திலும் 2022இன் 'எஃப்.ஐ.ஆர்' படத்திலும் நல்ல முஸ்லிமாக வருபவன் கடைசியில் அரசாங்கத்தின் உளவாளி. சாதாரண முஸ்லிமுக்கு நல்லவனாக இருக்கும் தகுதி இல்லைப் போலும்! அப்துல் காலிக் அப்படியல்ல. நண்பனின் கல்யாண வேலையாகத் துபாயிலிருந்து வந்த சாதாரண வாலிபன். கலவரத்தின்போது கோயிலுக்குள் பிறந்தவன் என்றொரு சான்றிதழை அவனுக்கும் கொடுத்திருப்பது எனக்கு உறுத்தியது. ஆனாலும் படம் ஓடியது. எல்லாச் சாதி சனமும் பார்த்து ஓடியது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 ஓகஸ்டில் 'ஜெயிலர்' மூலம் வசூலைக் குவித்த ரஜினிகாந்த், ஆறு மாதத்தில் 'லால் சலாம்' படத்தில் மொய்தீன் பாயாக வந்தார். படம் தோற்றது. முஸ்லிமாக நடித்ததால் தோற்கவில்லை. முன்னும் பின்னுமாகச் சிதறிய கதையும், பாத்திரங்கள் பேசவேண்டிய இடத்தில் கேட்ட பிரசங்கமுமே காரணம். ஆக, தீவிரவாதி வந்த படமும் வென்றிருக்கிறது, சறுக்கியிருக்கிறது. முஸ்லிம் நாயகன் வந்த படமும் அவ்வாறே. வசூல் இந்த விடயத்தில் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. அந்தப் பெயரைத் தெரிவு செய்தவர் கதாசிரியர், பொறுப்பும் அவருடையது. சந்தையின் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள இடமில்லை.

இதை இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. 2022இல், மின்வெட்டு நாட்களில், 'பீஸ்ட்' எப்படியோ எங்கள் பிள்ளைகளின் தொலைபேசிகளுக்குள் வந்துவிட்டது. இடைவேளையில் பையன்கள் அதை விளையாடினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் கிராமத்து முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் வகுப்பு. தீவிரவாதி யார் என்பதில் விவாதமே இருக்கவில்லை. "நீதான்டா, உனக்குத்தானே பேர் பொருந்துது" என்று ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டார்கள். சொன்னவன் அவனுடைய உற்ற நண்பன். அதில் பகை துளியும் கிடையாது. அவனும் மறுக்கவில்லை. நன்றாகவே நடித்து, நன்றாகவே செத்து விழுந்தான். 2018இல் திகனையில் கடைகள் எரிந்தபோது பயந்து எங்கள் ஊருக்கு வந்து தங்கிய குடும்பத்துப் பிள்ளை அவன். நான் மேசையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லி நிறுத்துவது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மணியடித்தது.

இப்படியான படங்களுக்கு நமது மறுமொழி இதுவரை இரண்டே. ஒன்று மௌனம், மற்றது தடை கோருதல். தமிழகத்தில் 'விஸ்வரூபம்' இரண்டு வாரம் தடுக்கப்பட்டு, சில இடங்கள் மௌனமாக்கப்பட்டு 2013 பெப்ரவரியில் வந்தது. தடையே அதற்கு விளம்பரமாயிற்று. மூன்றாவது வழியொன்று உண்டு: படத்தைப் பார்த்து, வரிக்கு வரி வாசித்து, எங்கே பொய் சொல்கிறது, எங்கே கலை தவறுகிறது என்று எழுதுவது. கவிதைக்கும் சிறுகதைக்கும் அதைச் செய்யும் நமது சஞ்சிகைகள், ஊரே பார்க்கும் படத்துக்கு ஏன் செய்யக்கூடாது?

கூலியை வைத்துச் சண்டை பிடித்த பத்தாந்தரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். பிடித்த படமொன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். 'கோடி', 'வசூல்' என்ற சொற்கள் வரக்கூடாது. பெரும்பாலானோர் கதையைச் சுருக்கி எழுதினார்கள். ஆறு பேர் மட்டும் ஏன் பிடித்தது என்பதற்குக் காரணம் எழுதியிருந்தார்கள். ஒருவன் 'மாநாடு' பற்றி எழுதியிருந்தான். ஹீரோவின் பெயரை அரபு எழுத்திலும் ஓரத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். அந்தக் கோடுகளை அப்படியே விட்டுவிட்டேன்.