அடக்கப் பூசையில் ஓர் அம்மையாரை அறிவது எப்படி?

துக்க வீட்டில் ரசனைக்கு என்ன இடம் என்று வினவுவோர் உண்டு. புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் மாதா கோயிலில் நாள் தவறாமல் பூசை கண்டு, செபமாலையும் கையுமாகவே முதுமையடைந்து, அவஸ்தைப் பூசுதல் பெற்று, பக்கத்திலிருந்தோர் செவியில் உச்சரித்த சேசு, மரி, சூசை என்னும் மூன்று நாமங்களைக் கேட்டபடியே கண்மூடிய ஒரு மூதாட்டியின் அடக்கத்துக்குச் செல்பவர், பெட்டிக்கு மாலை சாத்திவிட்டு அரை மணியில் திரும்பிவிடுவாராயின், அவ்வம்மையாரின் ஜீவியத்தைக் குறித்து அங்கே புலப்படுவனவற்றில் பெரும்பகுதியைக் காணாமலே வந்தவராவார் என்பதே அவர்களுக்கு என் பதில்.

ஆகவே முதல் யோசனை, சாமியார் வருவதற்கு முன்பே சென்றுவிடுங்கள் என்பது. ஒரே குருவானவர் பல கிராமங்களைச் சுற்றிவர வேண்டிய பாகூர்ப் பக்கங்களில் இந்தக் காத்திருப்பு நீளும். அந்த நேரம் முழுவதும் பெண்களின் ஆட்சி. மரியாயின் சேனை என்னும் பக்தசபையைச் சேர்ந்தவர்கள் பாயில் அமர்ந்து துக்க தேவ இரகசியங்களைச் சொல்லிச் செபமாலையை நடத்த, அடுத்த தெருவிலிருந்து வந்த இந்துப் பெண்கள் தலைவிரித்து ஒப்பாரி வைக்க, ஒன்று ஓயும்போது மற்றொன்று எழும். கவனமாகக் கேட்டால், செபத்தில் இறந்தவரின் பெயர் மட்டுமே வருவதையும், ஒப்பாரியிலோ அவர் கொடுத்த கடன், வளர்த்த ஆடு, பார்த்த பிரசவம், பேசாதிருந்த மைத்துனி யாவும் வருவதையும் உணரலாம். ஒலிபெருக்கியில் பதிவுசெய்த கீதங்களை அலறவிடும் இக்காலப் பழக்கம் இவ்விரண்டையும் கெடுத்துவிடுகிறது. அதை நிறுத்தச் சொல்லும் துணிவு ஊர்ப் பெரியவர்களில் எவருக்கேனும் வாய்த்தால் நல்லது.

பிரான்சு தேசத்து லூர்து நகரில் 1858இல் மாதா காட்சியளித்ததாக நம்பப்படும் செய்தி பரவி இருபது ஆண்டு நிறைவதற்குள்ளாகவே, 1877இல், பிரான்சிலிருந்து கடல் வழியே ஒரு மாதா சுரூபம் வில்லியனூருக்கு வந்து சேர்ந்தது. அக்கோயிலின் திருக்குளத்துப் படியில் இறங்கி நின்று வேண்டிக்கொள்ளும் வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களில் பெண்களே பெரும்பாலோர். அவர்களுள் ஒருவரைக் கடைசியாகக் கோயிலுக்கு எடுத்துச் செல்கையில் நிகழ்வதைக் கூர்ந்து நோக்க வேண்டும். வாசலில் பெட்டியின் மீது தீர்த்தம் தெளிக்கிறார்கள். குழந்தையாய் இருந்தபோது ஞானஸ்நானத்தில் ஊற்றிய நீரின் ஞாபகம் அது. தலைமாட்டில் எரியும் பெரிய மெழுகுத்திரி, உயிர்ப்புத் திருநாளின் நள்ளிரவில் ஏற்றும் பாஸ்கா திரியேயாகும். பெட்டியை, பாதம் பீடத்தை நோக்கும்படி வைப்பது மரபு. வாழ்நாளெல்லாம் எத்திசை பார்த்து மண்டியிட்டாரோ அத்திசை பார்த்தே இப்போதும் இருக்கிறார். குருவானவர் ஒருவர் இறந்தால் இதுவே தலைகீழாகி, அவர் சபையை நோக்கியிருப்பார். பின்னர் தூபம். எந்தச் சரீரம் ஐம்பது வருஷம் நாற்று நட்டும் அடுப்பூதியும் தேய்ந்ததோ, அதற்கு நறும்புகை காட்டி வணங்குவதை, எந்த விதியும் தெரியாமல் சும்மா பார்த்தாலே போதும்.

பிரசங்கத்தில் புகழுரையை எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். மரித்தவரைப் புகழ்ந்து பேசுவதை அடக்கப் பூசையின் பிரசங்கத்தில் திருச்சபையின் விதி அனுமதிப்பதில்லை. நன்மை (நற்கருணை) வாங்கி முடிந்த பிறகு, இறுதிப் பிரியாவிடைக்கு முன்னால், குடும்பத்தார் சில வார்த்தை சொல்லலாம், அவ்வளவே. இது கஞ்சத்தனம் என்று கருதுவோர், அப்போஸ்தலர் பணி நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் யோப்பா நகரத்துத் தபித்தாவின் சாவு வீட்டை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே எவரும் மேடையேறவில்லை. கைம்பெண்கள் அழுதுகொண்டு, அவள் தைத்துக் கொடுத்த உடைகளையே பேதுருவிடம் எடுத்துக் காட்டினார்கள். நம் ஊரிலும் அந்த உடைகளுக்கு நிகரானவை கண்ணெதிரேயே இருக்கும்: கடைசி வரிசையில் உட்காராமல் நின்றபடியே அழும் அந்நியர் யார், எதற்காக என்று விசாரியுங்கள். தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் மக்கள், மருமக்கள், பேரன்மார் பெயர்களெல்லாம் உத்தியோகத்துடன் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த அந்நியரின் பெயர் அதில் இராது.

சாவிலும் செல்வமும் சாதியும் கூடவே வரும். பிரெஞ்சுத் துரைத்தனத்தாரின் துபாஷியாயிருந்து செல்வாக்குடன் விளங்கிய கனகராய முதலியாரால், மாண்டுபோன மகனின் நினைவாக, 1745இல் ரெட்டியார்பாளையத்தில் ஒரு கோயிலையே எழுப்ப முடிந்தது. அதே ஆண்டில், புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி மூண்ட கலகத்தை அவ்வூர் வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரியில் எழுதிவைத்திருக்கிறார். வழிபாட்டில் ஆளுக்கும் வகுப்புக்கும் விசேஷ மரியாதை கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தீர்மானித்திருந்தும், கல்லறைத் தோட்டத்திலும் சாதி வேலி நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இல்லாமற் போய்விடவில்லை. ஆதலின், அம்மையாரைச் சுமந்தவர்கள் எந்தெந்தத் தெருவினர், குழி எந்த ஓரத்தில் வெட்டப்பட்டது என்பனவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். சாவின் முன் எல்லோரும் சமம் என்னும் வசனத்தை அதன் பிறகு சொல்லலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவுசெய்யலாம்.

குருவானவர் குழியை மந்திரித்தபின், மதபேதமின்றி எவரும் ஒரு பிடி மண் இடலாம், தயங்க வேண்டியதில்லை. மூன்றாம் நாளும் முப்பதாம் நாளும் அவருக்காகப் பூசை வைப்பார்கள். கூட்டம் குறைந்திருக்கும் அந்த முப்பதாம் நாளே குடும்பத்தாரிடம் நிதானமாகப் பேசத் தகுந்தது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்றும் ஒருமுறை போய் வாருங்கள். சுண்ணாம்பு பூசிய கல்லறைகளின்மேல் சாமந்தியும் மெழுகுத்திரியுமாயிருக்கும்; கல்லில் இன்னார் மனைவி என்பதும் பிறப்பு இறப்புத் தேதிகளும் அன்றி வேறேதும் பெரும்பாலும் இராது. மேற்கொண்டு தெரிந்துகொள்ள விரும்புவோர், அங்கே திரி ஏற்றிக்கொண்டிருக்கும் வயதான பெண்மணியை அணுகி, அம்மா, இவங்க எப்படிப்பட்டவங்க என்று கேட்க வேண்டும். ஆனால் பேருந்துக்கு அவசரப்படும் நாளில் கேட்கக் கூடாது.